பின்னறைச் சுவரில் ஒரு பூச்சி

கிட்ட வந்து உட்காரு, ஸ்னேகா. காபி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லுகிறேன். உன் வீட்டுக்காரர் கதைதான். களக்காட்டுக்குக் கிளம்பினவர் என்று எல்லாரும் காட்டுக்குள் தேடுகிறார்கள். நீ ஒருத்திதான் இங்கன வந்திருக்கிறாய். கெட்டிக்காரி.

சிவகணேஷ் தம்பி தங்கமான மனுஷன். இந்தப் பக்கத்தில் யார் எந்த அந்துப்பூச்சியைப் பார்த்துச் சொன்னாலும், அவர் சரியென்றால்தான் பூச்சிக் கணக்கெடுப்பில் பதிவாகும். நகக்கண் அளவுப் பூச்சிகளை வருஷக்கணக்காகப் படம் பிடித்து அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ‘இனம் உறுதியில்லை’ என்றே பதில் போட்டார். போன வாரம் என் பின்னறைச் சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்தது. போன் பண்ணினேன். களக்காட்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் தச்சநல்லூருக்கு வந்துவிட்டார், பாவம்.

“ஏம்மா, ஊர்ப்பூச்சியெல்லாம் உங்க வீட்டுலதான் சம்பந்தம் பேசுதோ?” என்று சிரித்தார்.

“வாலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கே, அது போதாதா?” என்றேன்.

“போதாதும்மா. இப்படி வாலைத் தூக்குற இனம் ரெண்டு இருக்கு, வெளிய அச்சு அசல் ஒண்ணு. கொன்னு, வயித்தைப் பிரிச்சுப் பாத்தாத்தான் பேரு சொல்ல முடியும்.”

பையிலிருந்து பூச்சி கொல்லுகிற மருந்துச் சீசாவை எடுத்தார்.

அவசரக்காரர்களுக்குச் சின்னப் பூச்சி பிடிபடாது, தாயி. உயிரோடே வைத்து நிதானமாகப் பார்க்கட்டும் என்று வெளியே வந்து கதவைப் பூட்டினேன். வேறொன்றும் இல்லை. அவர் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

முதலில் ரொம்பத் தட்டினார். சுற்றிலும் வாழைத்தோப்பு, யாருக்கும் தொந்தரவில்லை. டப்பாவுக்குள் படபடக்கிற பூச்சியை இருட்டில் வைத்தால் அடங்கிவிடும். அதனால் வெளியே இருக்கிற சுவிட்சில் விளக்கை அணைத்தேன். தண்ணீர் கேட்டார். கதவைத் திறந்தால் பூச்சி பறந்துவிடுமே. கதவிடுக்கு வழியாக ஒரு செம்பு ஊற்றினேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பைய அடங்கினார்.

முந்தாநாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பின்னறையில் காற்றோட்டம் கிடையாது, கொஞ்சம் வாடை வருகிறது. அதற்குத்தான் இந்தச் சாம்பிராணி. கோபமெல்லாம் தீர்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். வித்தியாசம் இந்நேரம் பிடிபட்டிருக்கும்.

இந்தா, சாவி. பையத் திற, பூச்சி வெளியே வந்துவிடப் போகிறது.

நீ தீர்க்க சுமங்கலியாக, வீடு நிறையப் பிள்ளைகளோடு நல்லா இருக்கணும், தாயி.