பாத்தாச்சு என்று நான் சொன்ன அந்த வண்டி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பட்டறையைப் பாதியில் சாத்திவிட்டுக் கையில் கிரீஸோடு வந்திருக்கும் தொழில் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணனை நம்பி வண்டியை விட்டுப்போன வாடிக்கையாளர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்தாறு வருடமாக அண்ணனின் பட்டறையில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிப் பழகியவன் நான். எதிரே ஆள் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் அண்ணனின் இந்த இரங்கல் கூட்டத்தில் பேசியே ஆகவேண்டும். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கூடப் போனால் மன்னியுங்கள், நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அண்ணனை "மூணு தடவை" என்று பட்டப்பெயர் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். எந்த வண்டியானாலும் மூன்று தடவை சரிபார்க்காமல் வெளியே விடமாட்டார், அப்படி ஒரு பொறுப்பு, அப்படி ஒரு நிதானம் என்று புகழ்ந்தார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அண்ணனின் வித்தையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பாவம்.

பழைய கார்புரேட்டர் வண்டி. ஓடும்போது ராஜா மாதிரி ஓடும். சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறும், இறங்கும், திணறும், அணைந்துவிடும். இதைப் போல மனிதனைப் பைத்தியமாக்கும் கோளாறு உண்டா? பிளக்கை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், பாயின்டைத் தேய்ப்பார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று வண்டி மறுபடி அடுத்த சிக்னலில் நிற்கும். நான்கு பட்டறை பார்த்துவிட்டு ஐந்தாவதாக எங்களிடம் வரும். அண்ணன் அவசரப்படமாட்டார். என்ஜினை ஓடவிட்டு, முழ நீள ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை, என்ஜினுக்குக் காற்றுப் போகிற மேனிஃபோல்டைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துவார். எங்கோ ஒரு இடத்தில் "ஸ்ஸ்" என்று கேட்கும். என்ஜின் இழுக்கக்கூடாத வழியில் காற்றைத் திருட்டுத்தனமாக இழுக்கிற சத்தம் அது. பிறகு என்ஜினின் இழுவிசை போகிற வாக்குவம் ஹோஸ்களைப் பிளையரால் ஒவ்வொன்றாக மெல்ல நசுக்கிப் பிடிப்பார். எந்த ஹோஸை நசுக்கும்போது என்ஜினின் திணறல் நிற்கிறதோ, அதன் வழியில்தான் காற்றுக் கசிவு. ஒரு டாக்டரின் காரில் அப்படித்தான் விரல் நுனி அளவு ரப்பர் மூடி ஒன்று வெடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஏழு மாதம் அலைந்த வண்டி. டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டையெல்லாம் ஆயிலாக்கிக்கொண்டார்.

"ஐட்லிங் ஸ்க்ரூவ மட்டும் முதல்ல தொடாதடா," என்பார் என்னிடம், வண்டி நிற்கும்போது என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகாணியைக் காட்டி. "அதத் திருகுனா சத்தம் அடங்கிடும். நோவு அங்கேயேதான் இருக்கும்."

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் கொண்டுவந்தது. யார் கடைசியாக பானெட்டை மூடுகிறாரோ, அவர்தான் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடவேண்டும். 'நான் இல்ல, அவன்தான்' என்று யாரும் நழுவக்கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். நான் அதில் நழுவினேன்.

பதினோரு வருடம் முன்னால், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் டைலர் அக்காவின் வண்டி வந்தது. அவர் கணவர் விட்டுச்சென்ற பழைய கார். இதே புகார்தான், சிக்னலில் அணைந்துவிடுகிறது. அண்ணன் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் எடுத்துக்கொண்டேன். மூன்றே கால் மணி. நான்கு மணிக்கு என் மகன் பள்ளியில் பெற்றோர் கூட்டம். காதில் ஹோஸை வைத்தேன். சத்தம் கேட்டது. சின்ன ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கினேன், மாற்றம் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. என்ஜினுக்குப் பின்னால், கை சுலபமாக நுழையாத சந்தில், பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸ். நம் கால் பலம் போதாது என்றுதானே பூஸ்டர் வைத்திருக்கிறார்கள்? அந்த ஹோஸ் வழியாக என்ஜின் கொடுக்கும் இழுவிசைதான் அதற்கு உயிர். அது போனால் பெடல் பாறையாகிவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐட்லிங் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருகினேன். என்ஜின் நிதானமாக நின்றது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எல்லா ஹோஸும் பாத்தியா?" என்றார்.

"பாத்தாச்சுண்ணே."

அவ்வளவுதான். அவர் பானெட்டை மூடினார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அக்கா, தைத்த பள்ளிச் சீருடைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் போயிருக்கிறார். பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் இறங்கவில்லை. சுவரில் மோதி வலது முழங்கால் நொறுங்கியது. கால் மிஷின் மிதித்துப் பிழைக்கிற பெண்ணுக்கு முழங்கால்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்தார்கள். நான்தான் முதலில் திறந்தேன். ஹோஸ் குழாயிலிருந்து கழன்று தொங்கியது. அதன் முனையில் நீளமாக ஒரு விரிசல். விரிசலுக்குள் கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது. நண்பர்களே, உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரே நாளில் வந்த விரிசலில் அழுக்கு படியுமா? அது பழைய விரிசல். நான் தொட்டிருந்தால் கையில் தட்டியிருக்கும். அண்ணன் வருவதற்குள் அந்த முனையைக் கத்தியால் அறுத்து, துணிக்குப்பைக்குள் திணித்தேன். இதை நான் செய்தேன். பயத்தில் செய்தேன் என்பது காரணம்தான், சமாதானம் அல்ல.

அண்ணன் வந்து பார்த்தது கழன்ற ஹோஸை மட்டும்தான்.  பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூடும்போது என் கை பட்டுக் கழண்டிருக்கும்டா. நீதான் பாத்துட்டியே."

நான் வாயைத் திறக்கவில்லை. சங்கம் விசாரித்தது. கார்டில் அவர் கையெழுத்து. எச்சரிக்கைக் கடிதம் அவர் பெயருக்குப் போனது. அப்போதும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தார். கேட்கிறீர்களா? அதற்கு முன்னால் அவர் ஒரே தடவைதான் பார்ப்பார். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது. பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டைத் திறந்து பானெட்டைத் தூக்குவார். அண்ணி ஒருமுறை என்னிடமே கேட்டார், "உங்க அண்ணனுக்கு என்னங்க ஆச்சு? சாப்பிட உக்காந்தா கையையே பாத்துட்டு இருக்காரு." நான் "வயசாகுதுல்ல அண்ணி" என்று சிரித்தேன். நாம் எல்லோரும்தான் சிரித்தோம், பட்டப்பெயர் வைத்தோம். நீங்கள் இன்றைக்குப் பொறுப்பு என்று புகழ்கிறீர்களே, அது நான் வைத்த நோய்.

டைலர் அக்காவின் மிஷினுக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தது அண்ணன். மாதம் தவறாமல் போய் எண்ணெய் விட்டு வந்ததும் அண்ணன். அக்கா எத்தனை முறை சொல்லியிருப்பார், "விடுங்க, வேணும்னேவா செஞ்சீங்க? கை தவறிடுச்சு." அக்கா, நீங்கள் பெரிய மனசோடு மன்னித்தீர்கள். ஆள்தான் தப்பு.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைப்பதற்கு முன்னால் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு என் கை பட்டிருக்குமாடா?" என்று கேட்டார். பதினோரு வருடம் கழித்து, சாகக் கிடக்கும்போது ஒரு மனிதர் கேட்ட கேள்வி இது. ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழசெல்லாம் விடுங்கண்ணே." அவர் விட்டுவிடவில்லை. எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

தலைவர் அவர்களே, நீங்கள் வாசித்த இரங்கல் தீர்மானத்தில், 'ஒரேயொரு கவனக்குறைவைத் தவிர மாசற்ற தொழில் வாழ்க்கை' என்று இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் எழுதினீர்கள். அந்த முன்பகுதியை இன்றே, இந்தக் கூட்டம் கலைவதற்குள் அடித்துவிடுங்கள். எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வரட்டும். சங்கம் என்னை விலக்கினாலும், அக்கா என்மேல் வழக்குப் போட்டாலும் நான் மறுத்து ஒரு சொல் பேசமாட்டேன்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் கடைசியாக, 'அவர் பணியைத் தொடர்வோம்' என்று உறுதி சொல்வது முறை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் தொடருங்கள். என்னால் சொல்ல முடிந்த உறுதி சின்னது. இனி நான் தொட்ட வண்டியில், பார்க்காததைப் 'பார்க்கவில்லை' என்று சொல்வேன். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்வேன். எத்தனை மணியானாலும் சொல்வேன்.

அண்ணி, நீங்கள் அழுவது தெரிகிறது. இவ்வளவு பேர் முன்னால் உங்களைக் கலங்கவைத்துவிட்டேன். தனியாக வந்து சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு இரக்கப்பட்டு மூடி மறைத்திருப்பீர்கள். அதனால்தான் இங்கே சொன்னேன். இப்போது உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்கவேண்டிய ஆளிடம் கேட்கிற நேரம் போய்விட்டது.

எனக்குப் பின்னால் மாலையோடு இருக்கும் அண்ணனின் இந்தப் படத்துக்கு ஒரு பதில் மட்டும் பாக்கி. ஒரு நிமிடம் உங்களுக்கு முதுகு காட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே. உங்க கை படல.