கலியபெருமாளுக்குக் கொடுத்த வேப்பங்கட்டில்

தேக்கைவிட வேம்புதான் கட்டிலுக்கு நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. செஞ்சியில் இருபது வருஷமாக மரக்கடை வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கலியபெருமாளுக்கும் வேம்பில்தான் செய்து கொடுத்தேன்.

அவர் டிரில் மாஸ்டர். தினமும் விடிந்ததும் ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்கி, நேராக என் கடைக்கு வருவார். மரத்தூளால் எனக்கு எப்போதும் சளி. "இன்னா ராஜாராமு, இன்னிக்கும் மூக்கு ஒழுவுதா? அறுவது வயசு ஆவப்போவுது, எனக்கு ஒரு தும்மல் வந்ததில்ல," என்பார். பதினோரு வருஷம், ஐயா. ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை.

அவருக்கும் ஒரு தும்மல் வரட்டும் என்றுதான் நினைத்தேன். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் மருந்து ஒரு டின் சென்னைத் துறைமுகத்திலிருந்து வாங்கி வைத்திருந்தேன். வெள்ளீயம் சேர்ந்த விஷம். அதைத் தொட்ட ஆசாரிக்குக் கைப்புண் இரண்டு மாதம் ஆறவில்லை. அதையும் கவனித்து வைத்திருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால், எண்பத்தைந்தாம் வருஷம், அவருடைய மணிவிழாவுக்கு, அதைப் பூசிய கட்டிலைப் பரிசாகக் கொடுத்தேன்.

தும்மல் வந்தது. பிறகு காய்ச்சல், கொப்புளம். உள்ளூர் டாக்டர், "நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்க," என்றார். டாக்டர் பேச்சைத் தட்டாமல் அவரும் அந்தக் கட்டிலிலேயே படுத்தார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, "வெள்ளை அணு எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது. ஆனா கிருமியப் பாத்தும் சும்மா நிக்குது. ஏதோ விஷம் பட்டிருக்கணும்," என்றார்.

"ஆள் டூட்டில இருக்கான், வேலைதான் பாக்கல," என்றேன். காய்ச்சலோடு கலியபெருமாளும் சிரித்தார்.

பத்து நாளில் தேறி வீடு திரும்பினார். அதற்குள் நான் கட்டிலுக்கு இன்னொரு பூச்சு பூசி வைத்திருந்தேன்.

மறுபடி படுத்தபடுக்கையானார். கண்டுபிடித்தது அவர் சம்சாரம் அமிர்தவல்லிதான். "ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில்ல நல்லாத்தான இருந்தாரு? இதுல படுத்தாத்தான் ஒடம்புக்கு வருது," என்று கட்டிலை மாட்டுவண்டியில் ஏற்றி இங்கே ஸ்டேஷனுக்கே கொண்டுவந்துவிட்டார். கெட்டிக்காரப் பெண்மணி. டின்னை நானே எடுத்துக் கொடுத்தேன்.

தெரிந்தேதான் பூசினேன் ஐயா, இரண்டு தடவையும். ஆனால் இந்த எட்டு மாதத்தில் அவர் என்னை ஒரு சொல் கிண்டல் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் இன்னா ஆவேன், ராஜாராமு," என்று அழுதார். நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால், அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.