கட்டடத்துக்கு ஒரு வாசகர்

இல்ல சார், டீ எல்லாம் வேணாம். கதவை மட்டும் கொஞ்சம் சாத்திக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடிக் கதவுதான், வெளியில இருக்கறவங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க, பேசறது கேக்காம இருந்தா போதும். ஆமா, உங்ககிட்ட லிஃப்ட் மெக்கானிக்கா இருக்காரே, அவரோட வீட்டுக்காரிதான். அவர் வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சுடணும். கையில இருக்கற வேலையை முடிச்சுட்டு நேரா உங்களைப் பாக்க வர்றதா சொல்லிட்டுப் போயிருக்கார். வேலையை விடறேன்னு எழுதிக் குடுக்க வர்றார் சார். அதை நீங்க வாங்கக் கூடாது.

சண்டையா? அய்யய்யோ, இங்க யாரோடயும் அவருக்குச் சண்டை இல்ல. அப்படி ஏதாவது இருந்தா நான் எதுக்கு ஓடி வரேன், நானே உக்காந்து எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பேன். இது வேற. இவர் நெட்ல பிளாக் எழுதறார்ல, அதான் வினை. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தலையை இப்படியும் இல்லாம அப்படியும் இல்லாம ஆட்டினா நான் என்னன்னு எடுத்துக்கறது? சரி, தெரியும்னே வச்சுக்குவோம்.

லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க கதைதான் எழுதுவார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர், வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கிடையாதாம், ஒண்ணா உள்ள மாட்டிக்கிட்டாங்க. இவர் போய் கதவைத் திறந்தா, கொஞ்சம் இருப்பா, பேசி முடிக்கலன்னாங்களாம். இந்த மாதிரி. நல்லாத்தான் எழுதுவார், நான் குறை சொல்லலை.

ஆனா எழுதினோமா, விட்டோமான்னு இல்ல சார். யார் வந்து படிச்சாங்க, எங்கருந்து திறந்தாங்க, எவ்வளவு நேரம் நின்னாங்க, எல்லாத்தையும் காட்டறதுக்கு நெட்ல ஒரு பக்கம் இருக்கு. பல்லு விளக்கறதுக்கு முன்னாடி இவருக்கு அதைப் பாக்கணும். அதுல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு ஏறிட்டே போகுது. போன மாசத்துக்கு இந்த மாசம், அதுக்கு முந்தின மாசத்துக்குப் போன மாசம்னு வச்சு வச்சுப் பாப்பார். ஆஸ்பத்திரியில படிக்கறாங்க, ஜவுளிக்கடையில படிக்கறாங்க, பேங்க்ல படிக்கறாங்க, ஊர்ல பாதிக் கட்டடத்துல நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு அவருக்குத் தலைகால் புரியலை. என் தம்பி வேற, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, மாமா, இதே வேகத்துல போனா விளம்பரம் தானா தேடி வரும், ஸ்பேனரைத் தூக்கிக் கடாசுங்கன்னு கொளுத்திப் போட்டுட்டான். அவனை அப்புறம் கவனிச்சுக்கறேன்.

நான் கூரியர் ஆபீஸ்ல கவுன்ட்டர்ல இருக்கேன் சார். எந்தப் பார்சல் எங்க நிக்குதுன்னு ஸ்கிரீனைப் பாத்துச் சொல்றதுதான் என் பொழப்பு. எனக்கு அந்தப் பக்கத்தைப் பாக்கப் பாக்க மனசு ஒப்பலை. ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்துல உக்காந்து நோண்டினேன். யார் நெட்லருந்து திறந்தாங்கன்னு பேரைக் கூடக் காட்டுது அது. பாத்தா, ஆஸ்பத்திரியில இவர் லிஃப்ட் பாத்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு புது வாசகர். ஜவுளிக்கடைக்குப் போன அன்னைக்கு ஜவுளிக்கடையில ஒருத்தர். இவர் காலடி படாத கட்டடத்துல ஒரு ஈ காக்கா இல்ல.

புரியுதா? எனக்கும் முதல்ல புரியலை. அப்புறம் பேச்சுவாக்குல கேட்டேன். வெள்ளந்தியா சொல்றார் மனுஷன். வேலை முடிஞ்சதும் அங்க ரிசப்ஷன்ல இருக்கற கம்ப்யூட்டர்ல நம்ம பக்கத்தைத் திறந்து பாப்பேன், எல்லா இடத்துலயும் ஒழுங்காத் தெரியுதான்னு செக் பண்ண வேணாமாங்கறார். லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணிட்டு ஒவ்வொரு மாடிக்கும் தானே ஏறி இறங்கிப் பாப்பார்ல, அதே புத்தி இதுலயும். ஆனா அந்தக் கணக்குப் பக்கத்துக்கு அது எப்படித் தெரியும்? புது கம்ப்யூட்டர்னா புது ஆள்னு எழுதிக்குது. இவர் வேலை செய்யச் செய்யக் கோடு ஏறுது. அதை நம்பி வேலையை விடப் போறார். வேலையை விட்டா மறு நாளே கோடு தரையில கிடக்கும், அது கூடவா தோணலை மனுஷனுக்கு?

சொல்லிட வேண்டியதுதானேன்னு நீங்க சுலபமா சொல்றீங்க. எனக்குப் பயமா இருக்கு சார். அவரோட ஜோடியா வேலை பாத்த பார்ட்னர், லிஃப்ட் ஏறி இறங்கற அந்த ஷாஃப்ட்ல விழுந்து செத்துப் போனாரே, அதுக்கப்புறம் இவர் எப்படி இருந்தார்னு ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சது கொஞ்சம். வேலைக்கு வருவார், குனிஞ்ச தலை நிமிராம பாத்துட்டுப் போவார், அவ்வளவுதானே? வீட்டுல வாயே திறக்கலை. அடுப்புல பால் பொங்கி வழியும், பக்கத்துல நின்னு பாத்துட்டு இருப்பார், அதைக் கூடச் சொல்ல மாட்டார். சுவரோட குடும்பம் நடத்தின மாதிரி இருந்தேன். டாக்டர்தான், பேச வரலைன்னா எழுதட்டும்னார். முதல்ல எழுதினதே அந்தப் பார்ட்னரைப் பத்தித்தான். அதைப் போட்ட அன்னைக்கு, சாப்பாட்டுல உப்பு கம்மின்னு என்கிட்டச் சொன்னார். நான் சமையக்கட்டுக்குள்ள போய் அழுதேன். ஒருத்தரும் படிக்கலைன்னு இப்ப நான் போய்ச் சொன்னா, திரும்ப அந்த வாய் மூடிக்கும். சொல்லாம விட்டா, வேலையும் போய், வீட்டுல தனியா உக்காந்து அவரே கண்டுபிடிப்பார். அது இன்னும் மோசம். ரெண்டு பக்கமும் எனக்கு வழி இல்ல.

நிஜமாவே ஒருத்தரும் இல்லியான்னா, இருக்காங்க. ஒருத்தர். இவர் திறந்ததையெல்லாம் கழிச்சுக் கழிச்சுப் பாத்தப்போ மிச்சம் ஒரே ஒருத்தர் நின்னாங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வருவாங்க. எது புதுசா போட்டிருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க. படிச்சு முடிச்சதும், பார்ட்னரைப் பத்தி எழுதின அந்த முதல் பக்கத்துக்குப் போவாங்க. தினமும். அதுலதான் ரொம்ப நேரம் நிக்கறது. நான் எவளோ ஒருத்தின்னு நினைச்சு ரெண்டு நாள் இவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலை, அது ஒரு கூத்து. அப்புறம்தான் அது எந்த நெட்டுன்னு பாத்தேன். உங்க கம்பெனி பேர் போட்டிருக்கு சார். இங்க உக்காந்துதான் படிக்கறாங்க.

இவரே ஆபீஸ்ல திறந்திருப்பாருன்னு சொல்ல வராதீங்க. அந்த நேரத்துக்கு இவர் ஏதாவது ஒரு கட்டடத்துல லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருப்பார், உங்களுக்கே தெரியும். நீங்க முதல்ல தண்ணி குடிங்க.

அந்தப் பக்கத்தை நானும் படிச்சேன். அன்னைக்கு ஷாஃப்ட்ல இறங்க வேண்டியது இவர், கடைசி நிமிஷத்துல ஆள் மாத்தி அந்தப் பார்ட்னரை அனுப்பினாங்க, எல்லாம் எழுதியிருக்கார். ஆள் மாத்தினவர் மேல எனக்குக் கோவம் இல்ல, என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சுதான் அவர் என்னை வீட்டுக்கு அனுப்பினார், நான் அவர் முகத்தைப் பாத்து அதைச் சொல்லணும், வாய் வர மாட்டேங்குதுன்னு முடிச்சிருக்கார். வாய் வராததை எழுதிப் போட்டார். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேந்துடுச்சுன்னு அவருக்குத் தெரியலை. தெரியாமத்தான் கோட்டைப் பாத்துட்டு இருக்கார்.

வெளியில அவர் குரல் கேக்குது. வந்துட்டார்.

காகிதத்தை நீட்டுவார், வாங்காதீங்க. எத்தனை பேர் படிக்கறாங்க தெரியுமா சார்னு ஆரம்பிப்பார். கோடு, கட்டடம் எல்லாத்தையும் நான் பக்குவமா பின்னாடி சொல்லிக்கறேன், அது என் பாடு. ஒருத்தர் தினம் படிக்கறாங்கன்னு மட்டும் இப்ப அவருக்குத் தெரியணும், அதுவும் அவங்க வாயாலயே தெரியணும். நான் இந்தப் பக்கமா படியில இறங்கிடறேன். உங்க பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஊருக்குப் போயிருந்தீங்களே, அப்ப அந்த ஊர்லருந்துதான் சார் திறந்திருந்தது, ஒரு நாள் விடாம. இன்னைக்குத்தான் இன்னும் திறக்கலை. சாப்பாட்டு நேரத்துல நான் வந்து உக்காந்துட்டேன்.