மச்சான் பிடித்த குழாய்

கதவை அவ்வளவு பலமாக இடித்திருக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் செண்பகம் மேடம். அழைப்புமணி வேலை செய்கிறது. அந்தச் சத்தத்தில் தேநீர் சிந்தி, நான்கு குரங்குப் படங்கள் நனைந்துவிட்டன. பரவாயில்லை, உட்காருங்கள். நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிருபாநிதி. ஊர் நாசரேத். எங்கள் பக்கத்து வாத்தியார்கள் பலரைப்போல நானும் எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்தப் போனேன். ஒன்பது வருடம். அங்கேதான் ஹமத்ரியாஸ் பபூன் என்ற குரங்குகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒழுங்கான பிராணிகள். ஒரு தலைவன், அவனோடு இரண்டு மூன்று பெண்கள். அது ஒரு குடும்பம். உறவுள்ள ஆண்களின் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு கிளை. கிளைகள் சேர்ந்தால் கூட்டம். சாயங்காலம் பல கூட்டங்கள் ஒரே பாறைச்சரிவுக்கு வந்து படுக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் யார் எந்தக் குடும்பம் என்பதில் குழப்பம் வராது.

இன்னொருவனுடைய பெண் என்று தெரிந்துவிட்டால் பலசாலிகூடப் பெரும்பாலும் கைவைப்பதில்லை. பெண் விலகி நடந்தால் தலைவன் முதலில் முறைப்பான். பிறகு பிடரியைக் கடிப்பான். அவள் அவன் பின்னால் வந்துவிடுவாள். குடும்பமில்லாத இளைஞன் ஒரு தலைவனை அண்டி வருடக்கணக்கில் பணிவாகக் காத்திருப்பான். தலைவன் தளரும் நாளில் அவனுடைய பெண்களை எடுத்துக்கொள்வான்.

ஊர் திரும்பி நான் விலங்கியல் நடத்தும் கல்லூரியில் ஷாம் என் ஆய்வு மாணவன். ஆறு வருடம் என்னை அண்டி இருந்தான். என் தங்கை ஜெபசுதாவை அவனுக்குக் கொடுத்தது நான்தான். அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்ததும் நான். சொன்னபடி நடக்காவிட்டால் பிடரியைப் பிடித்து அழுத்துவேன். தழும்பு ஒன்றும் விழவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள்.

போன திங்கட்கிழமை வீட்டுக் கணினியில் ஒரு கடிதம் திறந்து கிடந்தது. ஜெர்மனியில் ஷாமுக்கு ஆராய்ச்சி வேலை. மனைவியையும் அழைத்து வரலாம். விண்ணப்பத்தோடு என் ஒன்பது வருடக் குறிப்புகளின் சுருக்கமும் போயிருந்தது. துரோகம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

சனிக்கிழமை முத்துச்சிப்பிப் பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டில், கணக்கெடுப்பு. கல்லூரிக்காக ஷாம்தான் அதில் இறங்குவான். காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் ஈயம் கட்டி இறங்கவேண்டும். மேலே படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடும். குழாயையும் கயிற்றையும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கரையில் அந்த வேலையை முத்துக்குளிப்பவனின் மனைவியோடு பிறந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். படகுக்காரர் ஃபிராங்க்ளின் அதில் கறார்.

"ஏலே ஷாமு, ஒனக்கென்ன கவல? ஒன் மூச்சு மச்சான் கையில இருக்கு. சொந்தத் தங்கச்சிய முண்டச்சியாக்கவா போறாரு?" என்றார்.

"மூச்ச விடுங்க அண்ணாச்சி, என் தீசிஸே சார் கையிலதான் கெடக்கு" என்று ஷாம் சிரித்தான்.

இறங்குவதற்கு முன் மெதுவாகக் கேட்டேன். "ஜெர்மனிக்கு எப்பக் கெளம்புத?"

"ஜெர்மனியா? யாரு சார் சொன்னா?"

ஒன்றும் தெரியாத முகம். அண்டியிருக்கும் ஆண் பபூன்கள் தலைவன் முன்னால் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்ளும். நூறு முறை குறித்திருக்கிறேன்.

ஃபிராங்க்ளின் பின்பக்கம் டீ போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் படபடத்துக்கொண்டே இருந்தது. நான் குழாயை இரண்டாக மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. மேலே தூக்கு என்று அர்த்தம். மறுபடி மூன்று. பிறகு ஒன்று, லேசாக. பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். முதல் இழுப்புக்கும் கடைசி இழுப்புக்கும் நடுவே இரண்டு நிமிடம் பத்து விநாடி. அந்தக் குறிப்பேட்டைப் படகில் விட்டுவிட்டு வந்தது என் பிழை. அதுதானே உங்கள் கையில் இருப்பது?

ஆமாம், நான்தான் கொன்றேன். ஆனால் தங்கைக்கு நான் கெடுதல் செய்யவில்லை. தலைவனை இழந்த பெண் பபூன் சில நாளில் வேறொரு குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெபசுதாவும் அடக்கம் முடிந்ததுமே மாடியைவிட்டுக் கீழே வந்துவிட்டாள். வேளாவேளைக்கு எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை, அது போகப்போகச் சரியாகும். அவன் அவளை என்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போகப் பார்த்தான் என்பது அவளுக்கும் தெரியவேண்டும். இதோ, சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்களே கேளுங்கள்.

"அவரு பேருல அந்த விண்ணப்பத்த அவருக்கே தெரியாமப் போட்டது நாந்தான் அண்ணே, ஒங்ககிட்டயிருந்து எப்படியாவது தப்பிச்சிரணும்னு."