ஒன்றரை மணி மருந்து

இரவு ஒன்றே முக்கால்... மர டிப்போவுக்குப் பின்னால் போகும் அந்தச் சாலையில் மொத்தமே நாலு வீடு. மூன்று வீடுகளில் விளக்கு அணைந்து வெகு நேரம் ஆகிவிட்டது. நாலாவது வீட்டு மாடியில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம். அங்கே ஒருத்தி கையில் டிராப்பரோடு, எட்டு மாதக் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம் தையல்கார அக்காவுடைய நாத்தனாருக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தூங்கிவிட்ட பிள்ளைகளை அப்படியே மடியில் போட்டுக்கொள்ளுங்கள், எழுப்ப வேண்டாம். நடுவில் யாராவது சிரித்தால் கதை அத்தோடு நின்றுவிடும், அப்புறம் உங்கள் பாடு.

அந்த நாத்தனாருக்குப் பேருந்தில் கண்டக்டர் வேலை. வாய் நீளம். அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றாலும் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். மறதி என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு பிள்ளை வந்து எட்டே மாதத்தில் புரட்டிப் போட்டுவிட்டது. குழந்தை சிரிக்கும், தவழும் என்று ஊரே சொன்னது. ஆனால் எங்கோ வேறொரு குழந்தை அழுதால் தன் மார்பு நனைந்து நாலு பேர் முன்னால் மானம் போகும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. தூக்கத்தில் தலையணையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு கிடப்பாய் என்று சொல்லவில்லை. தெர்மாமீட்டர் எதற்கு, நெற்றியில் உதடு பட்டதுமே நூறா நூற்றிரண்டா என்று தெரிந்துவிடும் என்பதையும் அவளாகத்தான் கண்டுபிடித்தாள்.

புருஷனுக்கு பேக்கரியில் இரவு வேலை. பத்து மணிக்குப் போனால் விடியும்போதுதான் வருவான். மகளை அவன் கூப்பிடுவதே ‘பன்னு’ என்றுதான். "நல்லா உப்பி வந்திருக்கு பாரு" என்று கன்னத்தைக் கிள்ளுவான். அந்தப் பன்னுக்குத்தான் இரண்டு நாளாகக் காய்ச்சல். கன்னம் ஒட்டிப்போய், மார்பில்கூட வாய் வைக்காமல், துவண்டு கிடந்தது.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் மருந்து. காய்ச்சல் இறங்கலைன்னு நடுவுல குடுத்துடாதீங்கம்மா, பச்சக் குழந்தை உடம்பு தாங்காது. தூக்கக் கலக்கத்துல எதுவும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க."

அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கண்டக்டர் போட்ட சட்டம். "குடுத்ததும் எழுதணும். தாள்ல இல்லன்னா குடுக்கலன்னு அர்த்தம். தாள்ல இருந்தா, எவ்வளவு காய்ச்சல் அடிச்சாலும் தொடக்கூடாது." புருஷன் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டான்: மணி, காய்ச்சல், மருந்து. படுக்கையறை அலமாரிக் கதவில் ஒட்டப் போனால் அங்கே முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டிய பழைய தாள் ஒன்று, பழுப்பேறி, உரிக்க வராமல் ஒட்டிக்கொண்டு இருந்தது. "இதச் சுரண்டிட்டு இருந்தா விடிஞ்சிரும். மேலயே ஒட்டிடலாம்" என்றான். ஒட்டினான். நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டான். மருந்துப் பாட்டிலில் மருந்து நிற்கும் அளவுக்குப் பேனாவால் ஒரு கோடும் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

எட்டு மணிக்கு ஒரு தடவை கொடுத்தாயிற்று. அடுத்தது இரண்டு மணிக்கு. ஒன்றே முக்காலுக்கு அலாரம் அடித்ததும் எழுந்து நெற்றியில் உதடு வைத்தாள். சுட்டது. டிராப்பரை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

அவள் எழுதிய எட்டு மணி வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

‘1.30 — 103 — கொடுத்தாச்சு.’

சாய்ந்த எழுத்து... அவள் எழுத்து இல்லை. அவன் எழுத்தும் இல்லை. பென்சில் நூலில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. குழந்தைக்காக அன்று ஃபேன்கூடப் போடவில்லை, ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பேனாக் கோட்டில்தான் மருந்து நின்றது, ஒரு சொட்டுக் குறையவில்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. குனிந்து குழந்தையின் வாயை மோந்து பார்த்தாள். இவர்கள் மருந்துக்கு ஆரஞ்சு மிட்டாய் வாசனை. குழந்தையின் வாயில் அது இல்லை. கசப்பு... பாசி பிடித்த தண்ணீரில் இரும்பு ஊறியது போல ஒரு கசப்பு வாடை. உதட்டோரம் பழுப்பாக ஒரு ஈரம்.

போன் போட்டாள். மாவு பிசையும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் புருஷன் எடுத்தான்.

"நடுவுல வீட்டுக்கு வந்தீங்களா?"

"நானெங்க வர்றது? நானூறு ரொட்டி அடுப்புல கெடக்கு. ஏன்?"

"தாள்ல யாரோ எழுதியிருக்காங்க. ஒன்றரைக்கு மருந்து குடுத்தாச்சுன்னு."

"தூக்கத்துல நீயே எழுதியிருப்படி."

"என் எழுத்து எனக்குத் தெரியாதா? அவ வாயில வேற ஏதோ மருந்து வாசம் வருதுங்க..."

இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. "எதுவும் குடுக்காத" என்றான். "வண்டிய எடுத்துட்டு வரேன்."

கொடுத்தால் இரண்டு மருந்தாகிவிடுமோ. கொடுக்காவிட்டால் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிடுமோ. குழந்தையை மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இரண்டு.

பன்னு வாயைத் திறந்தாள்.

கண் மூடித்தான் இருந்தது. இரண்டு நாளாக டிராப்பரைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்ட குழந்தை, இப்போது தானாக வாயை அகலத் திறந்து... நாக்கை நீட்டி... உறிஞ்சியது. எதிரில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. தொண்டை அசைந்தது. ‘களக்’. இன்னொரு தடவை ‘களக்’. உதட்டோரம் பழுப்பாக ஒரு சொட்டு வழிந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரிப் பக்கம், காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம். க்ரீச்... க்ரீச்...

அவள் திரும்பவில்லை. கண்டக்டர் மூளை இல்லையா, அந்த நடுக்கத்திலும் கணக்குப் போட்டது. ஒன்றரைக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று. அடுத்தது இரண்டரை! குழந்தையைத் துண்டில் சுற்றி அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

சாலையில் ஈர மரத்தூள் நாற்றம். ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் தூரத்தில். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கணும். பின்னால் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. ஆனால்... ‘டிங்’. கொஞ்சம் பொறுத்து ‘டிங்’. பாட்டில் கழுத்தில் கண்ணாடி டிராப்பர் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். அவள் ஓடினால் கூடவே வந்தது. நின்றால் நின்றது.

போனைப் பார்த்தாள். 2.26. வண்டி வெளிச்சம் எங்கும் இல்லை. குழந்தையின் வாயைக் கையால் பொத்தினாள். மூக்கு சளியில் அடைத்திருந்த குழந்தை மூச்சுத் திணறித் துடித்ததும் பதறிப்போய்க் கையை எடுத்தாள். கடவுளே, இந்த வாயை எப்படி மூடுவது?

டிப்போ வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். நடுரோடு, வெட்கம் எதையும் பார்க்கவில்லை. சட்டையை விலக்கிக் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"பன்னு... குடிடி தங்கம். ரெண்டு நாளா நீ குடிக்கல. இன்னைக்கு ஒரு தடவ அம்மாகிட்ட குடிடி, உன் கால்ல விழறேன்."

குழந்தை முகத்தைத் திருப்பியது. 2.28. மறுபடி வைத்தாள், மறுபடி திருப்பியது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுததும் பால் தானாகச் சுரந்தது, கூட்டத்தில் மானத்தை வாங்குமே, அதே பால். காய்ந்த உதட்டில் நாலு சொட்டு விழுந்தது. குழந்தை நக்கிப் பார்த்தது. பிடித்துக்கொண்டது.

2.30.

‘டிங்’ சத்தம் அவள் காதருகே வந்து நின்றது. கசப்பு வாடை மூச்சை அடைத்தது. பிறகு... ஜில்லென்று மெல்லிசாக ஏதோ ஒன்று, குழந்தையின் கன்னத்துக்கும் அவள் மார்புக்கும் நடுவில் நுழைந்தது. கண்ணாடி. உதட்டோரத்தில் இடம் தேடியது. இந்தப் பக்கம் முட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் முட்டிப் பார்த்தது. பன்னு விடவில்லை. அவள் மணிக்கட்டில் குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. அதற்குள் திருப்பத்தில் வண்டி வெளிச்சம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குக் காய்ச்சல் இறங்கியது. துண்டில் இருந்த பழுப்புக் கறையை டாக்டர் மோந்து பார்த்தார். "இந்த மருந்த நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சே. எங்க வாங்கினீங்க? இன்னொரு தடவை உள்ள போயிருந்தா..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் துணிமணி எடுக்கப் புருஷன் மட்டும் வீட்டுக்குப் போனான். தாளில் இரண்டு வரி கூடியிருந்தது. ‘2.00 — கொடுத்தாச்சு.’ ‘2.30 — வாய் திறக்கவில்லை.’ ஆத்திரத்தில் பிடித்து இழுத்தான். அடியில் இருந்த பழைய தாளும் சேர்ந்து உரிந்து வந்தது. அதிலும் அதே மூன்று கட்டம், அதே சாய்ந்த எழுத்து.

‘1.30 — கொடுத்தாச்சு.’

‘2.00 — கொடுத்தாச்சு.’

‘2.30 — கொடுத்தாச்சு.’

‘3.00 — வாய் திறக்கவில்லை.’

அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது ஊரின் மறுகோடியில் வேறு வீடு. பன்னுக்கு நாலு வயது, அம்மா மாதிரியே வாயாடி. போன மாதம் நம் தையல்கார அக்கா அங்கே ஓர் இரவு தங்கியிருக்கிறாள். நடுவில் முழிப்பு வந்து பார்த்தால், மணி ஒன்றரை. பன்னு நல்ல தூக்கத்தில் வாயை அகலத் திறந்துகொண்டு கிடக்கிறாள். கண்டக்டர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையைக் குழந்தையின் வாய்க்கு மேலே, மூச்சு முட்டாத உயரத்தில், குடை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் வருதா?" என்று அக்கா கேட்டாளாம்.

கண்டக்டர் கையைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பாக, கசப்பு வாடையோடு, விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"அப்பல்லாம் ஒரு சொட்டுதான் விழும்" என்றாள். "புள்ள வளர வளர... அளவும் கூடுது."