அந்த அரைக் கிலோ

“எங்க அப்பா பேசற மாதிரியே எழுதிட்டேன்டி, அதான் தப்பு.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். இதைச் சொன்னவளின் மடியில் லேப்டாப். சற்று நேரத்தில் லேபில் ஓட்டிக் காட்ட வேண்டிய ஜாவா புரோகிராம் கம்பைல் ஆகவில்லை.

“கணக்கு போடற மெத்தட்ல மொதல்ல மூட்டை, அப்புறம் எடைன்னு நீதான எழுதியிருக்க?” என்றாள் தோழி.

“ஆமா. அத கூப்புடறப்ப எடைய மொதல்ல குடுத்துட்டேன். மண்டில வெங்காயம் போட்டுட்டு வந்தா அப்பா வூட்ல அப்படித்தான் சொல்லுவாரு. நாப்பத்தொம்போதரை கிலோல பத்து மூட்டைன்னு.”

“மூட்டைன்னா முழு எண்ணு. அங்க போய் நாப்பத்தொம்போதரைய குடுத்தா?”

“அரைய எடுத்துட்டு நாப்பத்தொம்போதுன்னு போட்டுரட்டுமா? நேரமாச்சு.”

“போட்டா கம்ப்யூட்டர் பேசாம வாங்கிக்கும். நாப்பத்தொம்போது மூட்டைன்னு நெனச்சுக்கும். ரெண்டையும் எடம் மாத்து.”

மாற்றினாள். புரோகிராம் ஓடியது. அவள் லேப்டாப்பை மூடவில்லை.

“இவ்ளோ நேரம் அது என்னதான் சொல்லிட்டு இருந்துச்சு?”

“முழு எண்ணா மாத்துனா அந்த அரை போயிடும், நானா எடுக்க மாட்டேன்னு சொல்லுச்சு.”

அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏறி பஸ் கிளம்பியதும் அவள் லேப்டாப்பை மூடினாள்.

“இதுக்கு வெங்காயம்னா என்னன்னே தெரியாது,” என்றாள் மெதுவாக. “மண்டில மூட்டைக்கு அந்த அரைய கழிச்சுட்டுத்தான் எழுதுவாங்க. எடுக்கட்டுமான்னு எங்க அப்பாவ ஒருத்தரும் கேட்டதில்லடி.”