வாசலைப் பார்த்த காலணிகள்

பனிமலை சூழ்ந்த கிரினோசாவாவின் கலை விழாவுக்குத் தலைமையேற்று, சுருக்கமாகப் பேசும்படி இரண்டு தடவை என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட ஊர்த்தலைவர் ஒனோதெரா அவர்களே! கூரைப்பனி தள்ளிய களைப்போடும் முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் மிசோ சூப்பை வைத்துவிட்டு வந்து, அது பொங்கியிருக்குமோ என்று நெளிந்துகொண்டிருக்கும் அன்னையர்களே! ஓசையை விற்று வயிறு வளர்த்த இந்த இசோகாவாவின் பணிவான வணக்கம்.

அங்கே யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஐயா! அனிமேஷன் படத்தில் கதவு திறந்தால் அது வெறும் ஓவியம். அதைக் கிறீச்சிட வைப்பவன் நான். மழையும் என் கை, காற்றும் என் கை, கதாநாயகன் நூடுல்ஸ் உறிஞ்சுவதும் என் வாய்தான்.

நாங்கள் எடுத்த காட்டேரித் தொடரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காட்டேரிக் கதை என்றால் என்ன வேண்டும்? கோரைப்பல் வேண்டாமா? குருதி வேண்டாமா? குலைநடுங்கும் கூச்சல் வேண்டாமா? எதுவும் இல்லையே! பனி பெய்கிறது. வெளிறிய முகத்தோடு ஒரு பெண் தெருவில் நடக்கிறாள். ஒரு வீட்டுக்கதவு திறக்கிறது. அவ்வளவுதான்! எங்கள் இயக்குநர் குஜிமே அம்மையாருக்கு மௌனத்தின் மேல் அப்படி ஒரு மோகம். எனக்கோ, வேலையே இல்லாமல் போய்விடும் போலிருந்தது.

மூன்றாம் பகுதியில் அந்தக் காட்டேரிப் பெண் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள். அந்தக் காட்சியை வரைந்தவள் உங்கள் ஊர்ப்பெண், அகியாமா ஷிஹோ. வரைந்து வந்ததைப் போட்டுப் பார்த்தோம். காட்டேரி உள்ளே வருகிறாள். காலணியைக் கழற்றுகிறாள். மண்டியிடுகிறாள். நம் வீடுகளில் வைப்பதுபோல, கிளம்பும்போது அப்படியே கால் நுழைக்க வசதியாக, கழற்றிய காலணியை வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கிறாள். பிறகு விரலை மடக்கி, அதன் குதிகாலில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

கதையில் அப்படி எழுதவே இல்லை! தயாரிப்பாளர் தெராமொதோ தலையில் கை வைத்துக்கொண்டார். "ரத்தம் குடிக்க வந்தவ செருப்ப அடுக்கி வெச்சுட்டா உள்ள போவா? பாக்கறவன் சிரிப்பான்மா. அந்த எடத்த அழிச்சிடு."

ஷிஹோ மெதுவாகச் சொன்னாள்: "வேணும்னு வரையல, சார். கை தானா போயிடுச்சு. எங்கம்மா அப்படித்தான் தட்டி வெப்பாங்க."

அவள் தாய் முந்தின குளிர்காலத்தில் காலமானவர். அழித்தால் காட்சி பிழைக்கும், ஆனால் அந்தப் பெண்ணின் கையில் மிச்சமிருந்த தாயும் அழிந்துபோவாள். குஜிமே அம்மையார் என் பக்கம் திரும்பி, இசோகாவா ஓசை சேர்க்கட்டும், கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் அழித்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாரம் என் தலையில்!

எங்கள் ஒலிப்பதிவு நிலையத்தில் இருந்த காலணிகளையெல்லாம் திருப்பினேன். தட்டினேன். ஒன்றிலும் உயிரில்லை. பலகைத் தரை பொய் பேசியது. கடைசியில் ஷிஹோ தயங்கித் தயங்கி, தன் வீட்டு முகப்பில் கல் தரை இருப்பதாகச் சொன்னாள். தயங்கியது ஏன் தெரியுமா? அவள் தந்தை அகியாமா அவர்கள், உங்கள் தெருவில் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர், மகள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொம்மை வரைவதும் ஒரு பிழைப்பா என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டவர், அதன்பின் எதையுமே கேட்கவில்லை.

ரயிலேறி வந்தோம். அவர் கதவைத் திறந்தார், தலையசைத்தார், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். முகப்பில் ஒரு ஜோடி பெண் காலணி, வாசலைப் பார்த்தபடி. அந்த அம்மையார் போனபின்னும் யாரும் எடுக்காத காலணி! நான் மைக்கை வைத்தேன். என் காலணியைத் திருப்பினேன், சரிவரவில்லை. ஷிஹோ தாயின் காலணிக்கு அருகே கையைக் கொண்டுபோனாள். தொட முடியவில்லை. மறுபடி முயன்றாள். முடியவில்லை.

அப்போது அகியாமா எழுந்து வந்தார். எதற்கு இந்தக் கூத்து என்று என்னைக் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் அந்தக் காலணியையே பார்த்திருந்தார். பிறகு, பெரியோர்களே, வண்டி ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கையை ஊன்றி மண்டியிட்டார். காலணியை எடுத்தார். உள்பக்கம் பார்க்க வைத்தார். திருப்பினார். கல்லில் மெல்லிய உரசல். மடக்கிய விரலால் குதிகாலில் ஒரு தட்டு.

"இப்படித்தான?"

"ஆமாப்பா."

"நீ ஸ்கூல் போறப்ப தெனமும் தட்டுவா. பத்திரமா திரும்பி வரட்டும்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மைக் ஓடிக்கொண்டிருந்ததே, மூக்கைக்கூட உறிஞ்ச முடியவில்லை!

அந்த ஓசையைச் சேர்த்து நிலையத்தில் போட்டோம். தெராமொதோ சிரிக்கவில்லை. முதுகு சில்லிட்டுப்போய்த் தன் இரு கைகளையும் தேய்த்துக்கொண்டார். ஒளிபரப்பானபோது நாடே தன் வீட்டு முகப்பை எட்டிப் பார்த்தது. ஏன் நடுங்கினோம்? எதைக் கண்டு நடுங்கினோம்? பல்லைக் கண்டா? இல்லை! ரத்தத்தைக் கண்டா? இல்லவே இல்லை! இந்தக் காட்டேரியையும் ஒருத்தி பெற்றாள், வளர்த்தாள், பத்திரமாகத் திரும்பி வா என்று காலணியைத் தட்டி அனுப்பினாள், இவள் திரும்பவில்லை என்பதைக் கண்டு நடுங்கினோம்! நாற்பதாண்டு ஓசை செய்தவன் சொல்கிறேன், அதைவிடப் பெரிய ஓசையை என் காது கேட்டதில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா.

ஷிஹோ இன்று ரயில் தாமதத்தால் இன்னும் வந்து சேரவில்லை. அகியாமா எங்கே என்று முன்வரிசையில் தேடாதீர்கள். நான் வரும்போது அவர் இந்த அரங்கின் முகப்பில் மண்டியிட்டிருந்தார். நாம் கழற்றிப்போட்ட காலணிகளை ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திருப்பி, குதிகாலில் தட்டிக்கொண்டிருந்தார். இப்போதும் அங்கேதான் இருப்பார், மகளை எதிர்பார்த்து.

அன்னையர்களே, அவரவர் காலணியை அணிந்து பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். எல்லோரும் போனபின் ஒரு ஜோடி மிஞ்சும். யாரும் விட்டுச் சென்றதல்ல, அகியாமா வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த அந்த அம்மையாரின் காலணி. அது மட்டும் உள்பக்கம் பார்த்திருக்கிறது, வீட்டுக்குத் திரும்பி வந்தவர் கழற்றி வைத்தது போல. அதைத் திருப்பிவிடாதீர்கள். பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, வணக்கம்!